புள்ளி வைக்காத எழுத்து

ஒரே ஒரு எழுத்து. பேனா மூடியைக் கழற்றி மாட்டும் நேரம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய வெட்கமா?

தனக்குள் இப்படிக் கேட்டுக்கொண்டே சின்னவள் தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தினாள். நிறுத்தினாளே தவிர இறங்கவில்லை. முன்கண்ணாடி வழியாகக் கிடங்கின் பெரிய கதவு தெரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அண்ணி குனிவதும் நிமிர்வதுமாக இருந்தாள்.

போன வாரம் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. மேசை செய்கிற கம்பெனிக்கு அனுப்பிய நானூறு ஜோடி டிராயர் சேனல்கள், ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தன. மேசை டிராயரை இழுத்தால் இரண்டு பக்கமும் ஓர் இரும்புச் சட்டம் ஓடி வருமே, அதுதான் சேனல். ஒரு டிராயருக்கு இடது ஒன்று, வலது ஒன்று வேண்டும். போயிருந்த எண்ணூறும் இடது.

"எங்க மேசைக்கெல்லாம் ரெண்டும் இடது கைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று அந்தக் கம்பெனிக்காரர் போனில் கேட்டார். திட்டவில்லை, சிரித்தார். அதுதான் தொழிற்சாலையை நடத்துகிற அண்ணனுக்குத் தாங்கவில்லை.

அனுப்பச் சொன்னது புது சிஸ்டம். ஆர்டர், கிடங்கு, உற்பத்தி, பில் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் என்று வாங்கிய மென்பொருள். வருகிற திங்கட்கிழமை முதல் தொழிற்சாலை மொத்தமும் அதில்தான் ஓட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம். சறுக்கியது அதில்தான்.

தப்பு யாருடையது என்று ஒரு வாரமாக எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை தெரிந்த ஒருத்தி காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் இறங்கினாள்.

"வா சின்னு. பத்து நிமிஷமா பாக்கறேன். கார்ல தவம் கிவம் பண்றியா?" அண்ணி நிமிராமலே கேட்டாள்.

"ஒரு போன் வந்துச்சு அண்ணி."

"போன காதுல வைக்காமயே பேசற. படிச்ச பொண்ணு."

திரும்பி வந்த பெட்டிகளை அண்ணி ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தக் கிடங்கு பதினேழு வருஷமாக அவள் கையில் இருக்கிறது. இடது சேனல் அலமாரிகளில் நீலச் சாக்பீஸ் கோடு, வலதில் வெள்ளைக் கோடு. ஒரு பெட்டியை இரண்டு முறை எண்ணிய பிறகு தன் பெயரின் முதலெழுத்தை அதன் மேல் எழுதுவாள். எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் பெட்டி வெளியே போகலாம். அந்தப் புள்ளியைத் தாண்டித் தப்பான சரக்கு போனதாக இந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் நினைவில்லை.

போன வாரம் போன பெட்டிகளில் புள்ளி இல்லை. சோதனை நடக்கிற அன்றைக்குக் கிடங்குப் பக்கம் வரவேண்டாம் என்று அண்ணியை அலுவலகத்தில் உட்கார வைத்தது சின்னவள்தான். "கை குறுக்க வரக்கூடாது அண்ணி. சிஸ்டம் சொல்றபடி நடக்குதான்னு பாக்கணும்." அண்ணியும் சரியென்று உட்கார்ந்தாள்.

கிடங்கு ஆட்களில் மூத்தவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பவர், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கே கேட்டேம்மா. எல்லாம் ஒரே அலமாரிலேருந்து வருதேன்னு. சீட்டுல என்ன இருக்கோ அத எடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் குத்தம் சொல்லல."

"சொல்லுங்க. பரவாயில்ல."

அவர் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அண்ணி கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். முழங்கை வரை நீலத்தூள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சின்னு. ஜோடின்னா ரெண்டுன்னு அந்த சிஸ்டத்துக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"ஜோடின்னா... ரெண்டுதானே அண்ணி."

"ரெண்டும் இடது கால் செருப்பா இருந்தா அது ஜோடியா?"

சின்னவள் பெட்டியைப் பார்த்தாள். அண்ணி அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம், கேள்விக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினாள்.

ஜோடி என்றால் ஓர் இடது, ஒரு வலது. இந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளிக்குக்கூட அது தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சின்னவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் படிவத்தில் 'ஒரு ஜோடி, இரண்டு எண்ணம்' என்று நிரப்பினாள். ஒரே நீளம், ஒரே எடை, பெயரும் ஒன்று. இடதுக்கும் வலதுக்கும் இரண்டு குறியீடு எதற்கு, ஒன்று போதும் என்று நினைத்தாள். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அவள் கண்முன் இருந்தது படிவம். சேனல் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு நடந்ததை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மென்பொருளை நிறுவித் தர வந்த ஆலோசகருக்குத் தொழிற்சாலையில் 'அம்புக்குறி' என்று பெயர். அவர் திரையில் காட்டுகிற எல்லாப் படத்திலும் அம்புக்குறிகள் இங்கிருந்து அங்கே பாயும். கெட்ட மனிதர் இல்லை. முதல் கூட்டத்திலேயே இரண்டு வழி சொன்னார்.

ஒன்று, துறை துறையாகப் போவது. அதில் முதல் வேலை 'கூடவே நடப்பது'. ஓர் ஆர்டர் உள்ளே வந்ததிலிருந்து லாரி ஏறுகிற வரை, செய்கிறவர் பின்னாலேயே நடந்து, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வது. முதலில் கிடங்கு. அது சரியான பிறகு உற்பத்தி. பதினோரு மாதம் ஆகும்.

இன்னொன்று, ஒரே நாளில் எல்லாத் துறையும் மாறுவது. துறைக்கு ஒருவர் கூட்ட அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து படிவங்களை நிரப்பினால் போதும். நான்கு மாதம்.

"ரெடிமேட் சட்டை மாதிரி நினைச்சுக்கோங்க. பாதி கம்பெனிங்க இதைத்தான் போட்டுட்டு இருக்கு. நீங்க கொஞ்சம் சட்டைக்கு ஏத்த மாதிரி மாறிக்கணும், அவ்வளவுதான்" என்றார் அம்புக்குறி.

கடைசி நாற்காலியிலிருந்து அண்ணி கேட்டாள். "சட்டைக் கை நீளமா இருந்தா, எங்க கையப் பிடிச்சு இழுத்து விடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்புக்குறியும் மனம்விட்டுச் சிரித்தார். சின்னவளுக்கு மட்டும் கழுத்து சுட்டது. வெளியூரில் படித்து, பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவள் அவள். அண்ணியின் முழங்கையில் இருந்த நீலத்தூள் கூட்ட அறையின் வெள்ளை மேசையில் ஒட்டியிருந்ததை அவள் கண்டாள். ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டாரா என்று பார்த்தாள்.

அன்றைக்கு அவள் தேர்ந்தெடுத்தது நான்கு மாத வழி. அவசரம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. கூடவே நடக்கிற வழியில், முதல் மாதம் முழுக்க அம்புக்குறியின் ஆட்கள் அண்ணியின் பின்னால் நடந்திருப்பார்கள். சாக்பீஸ் கோட்டையும் புள்ளியையும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

படிவம் நிரப்பும் அந்த இரண்டு நாளுக்கும் அவள் அண்ணியைக் கூப்பிடவில்லை. கிடங்கின் படிவங்களைத் தானே நிரப்பினாள். வருகைத்தாளில் கிடங்குத் துறைக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பாமல் தாளை வாங்கமாட்டார்கள். அண்ணியின் முதலெழுத்தை அவள் போட்டாள்.

ஓர் எழுத்து. புள்ளி வைக்கத் தோன்றவில்லை.

மதியம் அண்ணன் கூட்ட அறைக்குக் கூப்பிட்டனுப்பினான். அறையில் அம்புக்குறியும் இருந்தார். மேசையில் ஒரு பக்க அறிக்கை, அதன் கீழே வருகைத்தாளின் நகல்.

"படி" என்றான் அண்ணன்.

படித்தாள். 'தவறின் மூலம்: கிடங்குத் துறையின் சார்பில் கலந்துகொண்டவர் ஜோடியின் அளவைத் தவறாக உறுதி செய்தார். தீர்வு: கிடங்குப் பொறுப்பைத் தகுதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைப்பது.' கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் அண்ணன் போட்டிருந்தான். 'திட்டத் தலைவர்' என்று எழுதிய இடம் காலியாக இருந்தது. திட்டத் தலைவர் சின்னவள்.

"அண்ணிய எடுத்துடப் போறியா?"

"எடுக்கறதா? வீட்டுல இருக்கட்டும். பதினேழு வருஷம் தூசில நின்னது போதும்."

"அவங்க கேட்டாங்களா, போதும்னு?"

"சின்னு, நான் சந்தோஷமாவா செய்யறேன்?" அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "மேசைக் கம்பெனிக்காரன் இந்த மாசத்துக்குள்ள சிஸ்டம் ஓடலேன்னா ஆர்டரே கிடையாதுங்கறான். தப்பு என்னன்னு கண்டுபிடிச்சோம், சரி பண்ணிட்டோம்னு இத அனுப்பினா, சொன்னபடி திங்கட்கிழமை ஆரம்பிச்சுடலாம். இல்லேன்னா எல்லாம் போச்சு."

அம்புக்குறி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், நாலு மாசத்துக்கு முன்னாடி நான் ரெண்டு வழியும் சொன்னேன். இப்பவும் முதல் வழிக்குத் திரும்பலாம். கிடங்குல ஆரம்பிச்சு, கூடவே நடந்து. ஆனா அப்படித் திரும்பினா, வழி தேர்ந்தெடுத்தது தப்புன்னு எழுதணும். அதுல உங்க பேரு வரும். என்னோடதும் வரும்."

"சார் நேர்மையான மனுஷன். நமக்கு இப்ப நேர்மை கட்டுப்படியாகாது" என்றான் அண்ணன்.

"அண்ணி பேரு வந்தா பரவாயில்லையா?"

"அவ நம்ம வீட்டு ஆளு. ரெண்டு நாள் முகத்தத் தூக்கி வச்சுப்பா, மூணாம் நாள் சரியாயிடும். வெளியாள் பேர எழுதினா விடுவானா?"

சின்னவளுக்குத் தன் குரலே தூரத்தில் கேட்டது. "அவங்ககிட்ட கேட்டியா?"

"காலைல முதல் வேலையா அதத்தான் செஞ்சேன். இந்தத் தாளக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. இது நீ போட்டதான்னேன். ஆமான்னா. நீதான் ரெண்டுன்னு சொன்னியான்னேன். சொல்லியிருப்பேன்னா." அண்ணன் கையை விரித்தான். "அவளே ஒத்துக்கிட்டா."

காலையில் முதல் வேலையாக. அப்படியென்றால் கிடங்கில் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுக்கு விடை தெரிந்திருந்தது. தெரிந்தேதான், சின்னவள் நுழைந்து வரட்டும் என்று ஒரு கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருக்கிறாள். இவளோ ஜோடி என்றால் இரண்டுதானே என்று சொன்னாள்.

"ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நடையில், தண்ணீர் பிடிக்கும் இயந்திரத்தின் அருகில் அண்ணி ஒரு குவளையோடு நின்றிருந்தாள். குவளை நிரம்பி விளிம்பில் நின்றது. குடிக்கவில்லை.

"ஏன் அண்ணி ஆமான்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? உங்க தங்கச்சி என் எழுத்தப் போட்டுட்டான்னா? அப்புறம் நாம மூணு பேரும் ஒரே மேசைல எப்படிச் சாப்பிடறது?"

"பாத்ததுமே தெரிஞ்சுதா?"

"புள்ளி இல்லையே" என்றாள் அண்ணி. "எண்ணாத பெட்டிக்குப் புள்ளி வைக்கக்கூடாதுன்னு உனக்கே தெரிஞ்சிருக்கு போல."

கிண்டல்தான். ஆனால் வழக்கமாகக் கிண்டலோடு வருகிற சிரிப்பு வரவில்லை.

சின்னவள் சுவரில் சாய்ந்தாள். மன்னிப்பு கேட்கிற வார்த்தைகள் எல்லாம் வாயில் கூடின. ஒவ்வொன்றும் ஏதோ அலுவலகக் கடிதத்திலிருந்து எடுத்தது போல இருந்தது.

"எழுத்தப் போட்டது கூட போகட்டும் சின்னு. அவசரத்துல போட்டிருப்ப. என்னை ஏன் கூப்பிடல? பக்கத்துக் கட்டடத்துலதானே இருந்தேன். ஒரு ஆள விட்டுக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

நடைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்து மறைகிற வரை சின்னவள் காத்திருந்தாள்.

"வெட்கமா இருந்துச்சு அண்ணி."

"எத நினைச்சு?"

சின்னவளின் கண் அண்ணியின் முழங்கைக்குப் போய் விலகியது.

"என்னை நினைச்சா?"

ஆமாம் என்று தலையை அசைத்தாள். பொய் சொல்ல அந்த நேரத்தில் தெம்பு இல்லை.

அண்ணி குவளைத் தண்ணீரைக் குடித்தாள். முழுவதும், நிறுத்தாமல். குவளையைக் கவிழ்த்து வைத்தாள். தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறவள் போல. நீலத்தூளை மெல்லத் துடைத்தாள். அது போகவில்லை, பரவியது.

அடி விழுந்திருந்தால்கூட சின்னவள் இந்த அளவுக்குக் குறுகியிருக்க மாட்டாள்.

"சரி, வா. உங்க அண்ணன் காத்துட்டு இருப்பாரு" என்றாள் அண்ணி. கணவனை 'அவர்' என்று சொல்லுகிறவள், கோபம் வந்தால் மட்டும் 'உங்க அண்ணன்' என்று இவர்கள் பக்கமே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்து அண்ணனுக்கு ஆறுதலாக இருந்தது. "பேசிட்டீங்களா? நல்லதாப் போச்சு" என்று பேனாவை எடுத்துச் சின்னவள் பக்கம் நீட்டினான்.

"போட்டுடு சின்னு. அதோட முடியட்டும்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். மூடியைக் கழற்றினாள்.

காகிதத்தில் காலி இடம் ஒரு விரல் நீளம் இருந்தது. இதில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் எல்லாமும் நடக்கும். திங்கட்கிழமை வரும், ஆர்டர் வரும், அண்ணன் தூங்குவான். தான் போட்ட ஓர் எழுத்து இந்தக் கையெழுத்தின் கீழே புதைந்துபோகும். தோண்டத் தெரிந்த ஒரே ஆள் தோண்டமாட்டாள்.

அண்ணி நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்தபடி நின்றாள். வெள்ளை மேசையில் கை படாமல், கவனமாக, ஒரு சாண் தள்ளி நின்றாள். அப்படித் தள்ளி நிற்க அவள் இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசிக்கற?" அண்ணி மெதுவாகச் சொன்னாள். "நான்தானே சொல்றேன், போடு. எனக்கு ஒண்ணும் இல்ல. வருஷக்கணக்கா எண்ணிட்டேன், கொஞ்ச நாள் எண்ணாம இருக்கேன். போட்டுக் கொடு."

 அண்ணன் கேட்டதை மறுப்பது சுலபம். கொடுக்கிறவளை மறுப்பதுதான் முடியாத வேலையாக இருந்தது. இதையும் வாங்கிக்கொண்டால் அவளிடமிருந்து தான் எடுக்காதது என்று எதுவும் மிச்சமிருக்காது.

அம்புக்குறி வருகைத்தாளை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு கிடங்குக்குத் திரும்பி வந்த பெட்டிகளின் புகைப்படம் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். இன்று காலை அண்ணி எண்ணி முடித்த பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, அதன் கீழே ஒரு புள்ளி. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

சின்னவள் பேனாவின் மூடியை மாட்டினாள். அறிக்கையின் மேல் அதைக் குறுக்காக வைத்தாள். இரண்டையும் சேர்த்து மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"போட மாட்டேன், அண்ணி."

சத்தம் உயரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிற குரல்தான்.

அண்ணி நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தாள். நீலமாய் நான்கு விரல் பதிந்திருந்தது.

அண்ணன் ஒருத்தியிலிருந்து இன்னொருத்திக்குப் பார்வையை மாற்றினான். "பேனாவ நீட்டினது நான்" என்றான் மெல்ல. "அவகிட்ட எதுக்குச் சொல்ற?"